நிலம் உயர்வதை வைத்து மாக்மாவின் ஆழம் தெரியுமா?

கேள்வி: எரிமலையைச் சுற்றியுள்ள நிலம் சில சென்டிமீட்டர் உயர்வதை வைத்து, மாக்மா (நிலத்தடியில் உருகிய பாறைக் குழம்பு) எவ்வளவு ஆழத்தில் சேர்கிறது என்று கணினி எப்படிக் கணிக்கிறது?

பதில்: நிலம் எவ்வளவு உயர்ந்தது என்பதைவிட, அந்த உயர்வு எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதே ஆழத்தைக் காட்டிக்கொடுக்கிறது: ஆழம் கூடினால் உயர்வு அகலமாகப் பரவும். 1914-இல் ஜப்பானின் சகுராஜிமா எரிமலை வெடித்தபோது சுற்றுப்புற நிலம் தாழ்ந்ததை ஆராய்ந்த அறிவியலாளர் கியோ மோகி, பூமியை மீள்தன்மையுள்ள சீரான பாறையாகவும், மாக்மா அறையை அதற்குள் அழுத்தம் மாறும் சிறு கோளமாகவும் கொண்டு 1958-இல் வெளியிட்ட மாதிரியே இன்றும் முதல் கணக்காகப் பயன்படுகிறது. அதன்படி, கோளம் 4 கிலோமீட்டர் ஆழத்தில் இருந்து, நேர் மேலே நிலம் 10 சென்டிமீட்டர் உயர்ந்தால், அங்கிருந்து 4 கிலோமீட்டர் தள்ளி உயர்வு சுமார் 3.5 சென்டிமீட்டராகக் குறைந்துவிடும். கணினி கோளத்தின் ஆழத்தையும் அதன் கன அளவு எவ்வளவு கூடியது என்பதையும் மாற்றி மாற்றிக் கணக்கிட்டு, ஜி.பி.எஸ். நிலையங்களும் ரேடார் செயற்கைக்கோள்களும் அளந்த அசைவுகளோடு நன்கு பொருந்தும் மதிப்புகளைத் தேர்ந்தெடுக்கிறது.

ஆனால், சிறிய அறையில் கூடிய பெரும் அழுத்தமும் பெரிய அறையில் கூடிய சிறு அழுத்தமும் மேலே ஏறத்தாழ ஒரே மேட்டையே உண்டாக்கும் என்பதால், பொருத்தம் கிடைத்ததையே முடிவாகக் கொள்வது ஆபத்தானது. இத்தாலியில் எரிமலைப் பகுதியில் உள்ள பொஸ்ஸுவோலி நகரம் 1982–84-இல் ஏறத்தாழ 1.8 மீட்டர் உயர்ந்து, பல்லாயிரம் மக்கள் வெளியேற்றப்பட்டும், எரிமலை வெடிக்கவில்லை. அந்த உயர்வுக்குக் காரணம் மாக்மாவா, சூடான நீரும் வாயுவுமா என்று அறிவியலாளர்கள் நெடுங்காலமாக விவாதித்து வருகிறார்கள்.