பிடிபட்டுவிடுவேன் என்னும் அச்சம்

அன்புள்ள அம்மா,

11 ஆண்டுகளாகக் கட்டமைப்புப் பொறியாளராகப் பணியாற்றுகிறேன். கடந்த மாதம் வடிவமைப்புகளைச் சரிபார்க்கும் குழுவின் தலைமைப் பொறுப்பை எனக்குக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து சரியான தூக்கம் இல்லை. ஒவ்வொரு கணக்கையும் மூன்று முறை பார்க்கிறேன். கூட்டத்தில் பதில் தெரிந்திருந்தும் வாய் திறப்பதில்லை. என்றாவது ஒருநாள் எனக்கு ஒன்றும் தெரியாது என்று எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தோன்றுகிறது. ‘இப்போதெல்லாம் பெண்களுக்குத்தானே முதலில் கொடுக்கிறார்கள்’ என்று உடன் பணிபுரியும் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னது மனத்தைவிட்டுப் போகவில்லை. இது இம்போஸ்டர் சிண்ட்ரோம், அதாவது தகுதியிருந்தும் தன்னைப் போலி என்று எண்ணி அஞ்சும் உணர்வு என்றும், தினமும் கண்ணாடி முன் நின்று ‘என்னால் முடியும்’ என்று சொல்லிக்கொள்ள வேண்டும் என்றும் தோழி சொல்கிறாள். சொல்லிப் பார்த்தேன், பொய் சொல்வதுபோல் இருக்கிறது. தன்னம்பிக்கையை எங்கிருந்துதான் தொடங்குவது?

க.

அன்புள்ள க.,

அது பொய்போல் ஒலித்ததில் வியப்பில்லை. சான்று இல்லாத எதையும் ஏற்பதில்லை என்று 11 ஆண்டுகளாகப் பழகிய மனம், தன்னைப் பற்றிய கூற்றை மட்டும் சான்றில்லாமல் ஏற்றுக்கொள்ளுமா? ஆனால் அதே கண்டிப்பை மறுபக்கத்துக்கும் காட்டினீர்களா என்று கேட்கத் தோன்றுகிறது. ‘எனக்குத் தகுதியில்லை’ என்பதும் ஒரு கூற்றுதான். அதற்கு உங்கள் கடிதத்தில் நான் கண்ட ஒரே சான்று, சக ஊழியர் ஒருவரின் சிரிப்பு.

பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரு உளவியலாளர்கள், சாதித்த பெண்கள் 150 பேருக்கும் மேற்பட்டோரிடம் கண்டவற்றை வைத்து 1978இல் எழுதிய கட்டுரையில்தான் இந்த உணர்வுக்கு முதன்முதலில் பெயர் வந்தது. அவர்கள் அதை நோய் என்று சொல்லவில்லை. நோயைக் குறிப்பதுபோல் ஒலிக்கும் ‘சிண்ட்ரோம்’ என்னும் சொல் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. (ஒரு சொல் ஒட்டிக்கொண்டால், உடனே அதற்கு மருந்து விற்பவர்களும் வந்துவிடுகிறார்கள்.) அவர்கள் விவரித்த சுழற்சி உங்கள் கடிதத்தில் அப்படியே இருக்கிறது. அச்சத்தால் தேவைக்கு மேல் உழைக்கிறோம். வேலை நன்றாக முடிகிறது. ‘மூன்று முறை பார்த்ததால் தப்பித்தேன்’ என்று மனம் எழுதிக்கொள்கிறது. வெற்றி முழுவதும் உழைப்பின் கணக்கிலும் அதிர்ஷ்டத்தின் கணக்கிலும் வரவாகிவிடுவதால், எத்தனை கட்டடங்கள் எழுந்து நின்றாலும் திறமையின் ஏடு வெறுமையாகவே இருக்கிறது.

எனவே தன்னம்பிக்கையைத் தேடிப் போகாதீர்கள், முதலில் இந்தக் கணக்கெழுதும் முறையை மாற்றுங்கள். உங்கள் தொழிலில் மறுசரிபார்ப்பு கடமை. அதைக் குறைக்கும்படி நான் சொல்லமாட்டேன். ஆனால் தொழில் கேட்கும் சரிபார்ப்பு வேறு, அச்சம் கேட்கும் சரிபார்ப்பு வேறு. அடுத்த இரண்டு மாதங்களுக்கு, மூன்றாவது முறை பார்த்தபோது என்ன பிழை அகப்பட்டது என்பதைத் தேதியுடன் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். உண்மையான பிழைகள் அகப்பட்டால், இன்னொரு பொறியாளர் தனித்துப் பார்க்கும் ஏற்பாட்டைக் குழுவின் விதியாகவே ஆக்கிவிடலாம். தலைவராக அதற்கான அதிகாரம் இப்போது உங்களிடம் இருக்கிறது. ஒன்றும் அகப்படவில்லை என்றால், அந்த மூன்றாவது முறை எந்த உத்திரத்தையும் தாங்கவில்லை என்று உங்கள் கைப்பட எழுதிய சான்றே சொல்லும்.

இது பெண்களின் மனக்கோளாறு என்று பேசப்படுவதையும் நான் ஏற்பதில்லை. 62 ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வெளிவந்த மதிப்பாய்வு ஒன்றில், ஆண்களையும் பெண்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் ஏறக்குறைய பாதி, பெண்களிடம் இவ்வுணர்வு கூடுதல் என்றன. மீதி, வேறுபாடு இல்லை என்றன. உணர்வு இருபாலருக்கும் உண்டு. அதற்கு அலுவலகம் ஊற்றும் நீரின் அளவுதான் வேறுபடுகிறது என்று நினைக்கிறேன்.

எழுத வருவதற்கு முன் நான் கணக்குத் தணிக்கையில் இருந்தேன். என் அறிக்கைகளைப் படித்த மேலாளர், ‘நன்றாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் மெருகேற்றலாம்’ என்பார். அடுத்த மேசையில் இருந்த ஆணிடம், ‘நான்காம் பக்கத்தில் தேய்மானத்தைக் கணக்கிட்ட முறை தவறு, இப்படிச் செய்’ என்பார். அவர் திட்டு வாங்குகிறார், நான் பாராட்டு பெறுகிறேன் என்று பல ஆண்டுகள் நம்பிக்கொண்டிருந்தேன். உண்மையில் அவருக்குக் கிடைத்தது கல்வி. எனக்குக் கிடைத்தது மரியாதை. எங்கே சரியாகச் செய்தேன், எங்கே தவறினேன் என்பது தெரியாதவருக்குத் தன் மீது ஐயம் வருவதில் என்ன கோளாறு இருக்கிறது? ஷெல்லி கோரெல், கரோலின் சிமார்ட் ஆகியோர் பணி மதிப்பீடுகளை ஆராய்ந்து 2016இல் எழுதியதும் இதுதான்: பெண்களுக்கு வரும் கருத்துகள் பெரும்பாலும் பொத்தாம்பொதுவாக இருக்கின்றன, பாராட்டும்கூடக் குறிப்பிட்ட செயலோடும் விளைவோடும் சேர்த்துச் சொல்லப்படுவதில்லை.

அதனால் உங்கள் மேலாளரிடம் நேராகவே கேளுங்கள்: ‘இந்தப் பொறுப்புக்கு என்னைத் தேர்ந்தெடுக்க என் எந்தெந்த வேலைகள் காரணமாக இருந்தன? அடுத்த ஆறு மாதங்களில் நான் எதில் தேற வேண்டும்?’ இது பாராட்டுக்காக ஏங்குவது ஆகாது. எடுத்துக்கொள்ளும் பொறுப்பின் அளவைத் தெரிந்துகொள்வது. பொதுவான பதில் வந்தால், ‘ஓர் உதாரணம் சொல்ல முடியுமா?’ என்று மறுபடியும் கேளுங்கள்.

சிரித்த நண்பரைப் பற்றி. அவர் சொன்னது உண்மையென்றே வைத்துக்கொள்வோம். பெண் என்பது உங்கள் பெயரைப் பரிசீலனைப் பட்டியலில் ஏற்றியிருக்கலாம்; சுமைக் கணக்கை அது போட்டுத் தராது. ஆண் என்பதாலேயே காலங்காலமாகப் பட்டியலில் ஏறியவர்கள் அதற்காக ஓர் இரவும் தூக்கம் இழந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

கூட்டங்களைப் பொறுத்தவரை, முதல் பத்து நிமிடங்களுக்குள் ஒரு கேள்வியாவது கேட்டுவிடுங்கள். நேரம் போகப் போக மௌனம் கனமாகிறது. தெரியாததை, ‘இப்போது தெரியவில்லை, நாளை பார்த்துச் சொல்கிறேன்’ என்று சொல்லிப் பழகுங்கள். தெரியாததை நீங்களே முன்வந்து சொல்லிவிட்டபின், பிறர் கண்டுபிடிப்பதற்கு என்ன மிச்சம் இருக்கும்?

ஒன்று மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு மாதமாகத் தூக்கம் இல்லை என்பதை மேலே சொன்ன எதனோடும் சேர்த்துக்கொள்ளாதீர்கள். அதற்கு இந்த வாரமே ஒரு மருத்துவரைப் பாருங்கள். நோட்டில் என்ன அகப்பட்டது என்பதை இரண்டு மாதம் கழித்து எழுதுங்கள்.

அன்புடன்.