ஹவுகேயின் ஆப்பிள் தோட்டம்

அன்பின் அண்ணாவுக்கு,

நான் நோர்வேயில், பேர்கன் நகரில் இருபது வருடத்துக்கு மேலாக வசிக்கிறேன். ஊரில் இருந்த காலம் தொட்டே கவிதை எழுதி வருகிறேன். மகளின் பாடப்புத்தகத்தில் ஓலாவ் ஹவுகேயின் கவிதை ஒன்றைப் பார்த்துவிட்டு, நூலகத்தில் அவருடைய தொகுப்பை எடுத்து வாசித்தேன். அன்றிலிருந்து ஒரு மனவருத்தம். இத்தனை வருடம் இங்கே இருந்தும் இந்த நிலத்தின் இயற்கை என் கவிதைக்குள் வரவே இல்லை. பனி என்று எழுதினால் வாழ்த்து அட்டையைப் பார்த்து எழுதியது மாதிரி இருக்கிறது. பனையையும் கடலையும் எழுதினால் ஞாபகத்தில் இருந்துதான் எழுத வேண்டும், இப்போது அதுவும் தேய்கிறது. விடியமுன் எழும்பி, படிகளில் உறைந்து கிடக்கும் ஐஸில் மணல் தூவிவிட்டு, பஸ் பிடிக்க ஓடுகிற வாழ்க்கை. ஆற அமர இயற்கையைப் பார்க்க நேரம் எங்கே? ஹவுகேயைப் போல ஒரே கிராமத்தில் பிறந்து, அங்கேயே இருந்தவர்களுக்குத்தான் வடக்கின் கவிதை வாய்க்குமா?

கே.
பேர்கன்

*

அன்புள்ள கே.,

ஹவுகேயின் பெயரை ஒரு தமிழ் வாசகரின் கடிதத்தில் பார்ப்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் நீங்கள் அவரைப் பற்றி மனதில் வைத்திருக்கும் சித்திரத்தோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. ஆற அமர உட்கார்ந்து ஃபியோர்டையும் (மலைகளுக்கு நடுவே உள்ளே நீளும் கடல்) மலையையும் பார்த்துக்கொண்டிருந்த மனிதர் என்று நினைக்கிறீர்கள். அவர் தோட்டக்காரர். ஹார்டாங்கர் ஃபியோர்டின் உள்கிளை ஒன்றின் கரையில் இருக்கும் உல்விக்கில் 1908இல் பிறந்து, அங்கேயே தோட்டக்கலைப் பள்ளியில் படித்து, சொந்தமாக ஒரு சின்ன ஆப்பிள் தோட்டம் வைத்து, அதிலிருந்து வந்த வருமானத்தில் வாழ்ந்து, 1994இல் அதே ஊரில் இறந்தார். கவாத்து செய்வது, ஒட்டுக் கட்டுவது, மருந்தடிப்பது, புல் அறுப்பது, காய் பறித்துப் பெட்டியில் அடுக்குவது, விறகு பிளப்பது எல்லாம் அவர் கையால் செய்த வேலைகள். கவிதை அந்த வேலைகளுக்கு நடுவில் எழுதப்பட்டது.

அவர் பார்வையின் கூர்மை இந்த வேலையிலிருந்து வந்தது என்றுதான் நான் உறுதியாக நம்புகிறேன். ஆப்பிள் பயிரிடுகிறவன் வானத்தை ரசிப்பதற்காகப் பார்ப்பதில்லை. மே மாதம் பூ விரிந்திருக்கும்போது ஒரே ஓர் இரவு கடுங்குளிர் இறங்கினால் அந்த வருடக் காய்ப்பு போய்விடும். பூக்கிற நாட்களில் மழை விடாமல் பிடித்துக்கொண்டால் தேனீ வெளியே வராது, காய் பிடிக்காது. காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது, மேகம் மலையில் எந்த உயரத்தில் நிற்கிறது என்பதெல்லாம் அவனுக்குக் கவலை சார்ந்த விஷயங்கள். கவலையோடு பார்க்கிறவன் தப்பாகப் பார்க்க மாட்டான்.

பனி பற்றிய அவருடைய ஒரு கவிதையை எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் கட்டாயம் வாசித்திருப்பீர்கள். பனி கொட்டுகிற நேரத்தில் ஒருவன் தோட்டத்துக்குள் போய், கையில் ஒரு கோலை வைத்துக்கொண்டு இளம் ஆப்பிள் மரங்களின் மேல் விழுந்த பனியைத் தட்டிவிட்டுக்கொண்டிருக்கிறான். அவை நிமிர்ந்தே நிற்கப் பார்க்கிற மரங்கள், காற்றைத் தவிர வேறு எதற்கும் வளைந்து பழகாதவை. காய்த்து முடித்த பெரிய மரங்களோ பனியை மடியில் வாங்கிக்கொண்டு பேசாமல் நிற்கின்றன.

இது எப்படித் தெரிந்தது அவருக்கு? வெப்பநிலை சுழியம் டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும்போது விழும் பனி ஈரமானது, கனமானது. இளங்கிளை ஒல்லி. தண்டோடு சேரும் இடம் இன்னும் பலப்படவில்லை, பாரம் ஏறினால் அந்த மூட்டில்தான் பிளக்கும். ஒரு கிளை பிளந்தால் மரத்தின் வடிவமே கெட்டு, பல வருட உழைப்பு வீணாகும். அதனால்தான் அவன் அந்த நேரத்தில் வெளியே போகிறான். காய்த்த மரத்தின் கிளைகள் வருடாவருடம் பழப் பாரத்தில் தாழ்ந்து தாழ்ந்து பழகியவை, அவற்றுக்குப் பனி புதிய சுமை இல்லை. கவிதையில் இதில் ஒரு விளக்கம்கூட இல்லை. ஆனால் கோலை ஓங்குகிறவனுக்கு எந்த மரத்தைத் தட்ட வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று தெரிந்திருக்கிறது. இளமை, முதுமை, கர்வம், பொறுமை என்று நாம் அதில் வாசிப்பதெல்லாம் அந்தத் தோட்ட அறிவிலிருந்து தானாக எழுந்து வருபவை. மனிதர்களைப் பற்றிச் சொல்வதற்காக அவர் மரத்தைத் தேடிப் போகவில்லை, மரத்தைக் காப்பாற்றத்தான் போனார். தேடிப் போயிருந்தால் வாழ்த்து அட்டைதான் கிடைத்திருக்கும்.

நீண்ட பிடி வைத்த புல்லரிவாளைப் பற்றிய கவிதையும் இப்படித்தான். வயதாகிவிட்டது, அதனால் நான் அரிவாளோடேயே இருந்துகொள்கிறேன் என்று தொடங்குகிறார். புல்லுக்குள் அது மெல்லப் பாடும், கை பாட்டுக்கு வீச, எண்ணங்கள் அவற்றின் போக்கில் போகலாம். அரிவாள் பட்டு விழுவது ஒன்றும் வலிப்பதில்லை என்கிறது புல். சில வரிகள்தான். மரணத்தைப் பற்றி இவ்வளவு பயமில்லாமல் எழுதப்பட்ட கவிதைகள் எனக்கு அதிகம் தெரியாது. புல் அறுத்துப் பழகியவனின் தோளில் இருக்கும் அந்த வீச்சு இல்லாமல் அது எழுதப்பட்டிருக்க முடியாது.

சரி, நேரத்துக்கு வருகிறேன். ஹவுகேயின் முதல் தொகுப்பு 1946இல் வந்தது, அப்போது அவருக்கு வயது கிட்டத்தட்ட 38. அதற்கு முன்பு, இளமையில் சில ஆண்டுகள் மனநோய் மருத்துவமனையில் கழிந்தன. முதல் தொகுப்புகளில் பெரும்பாலும் யாப்பும் எதுகையும் கொண்ட பழைய பாணிக் கவிதைகள். அரிவாளையும் பூனையையும் கோடரியையும் பற்றிப் பேசுகிற, நாம் இன்று கொண்டாடுகிற அந்த எளிய குரல் முழுதாக வெளிப்பட்டது 1966இல் வந்த தொகுப்பில், அவர் அறுபது வயதை நெருங்கும்போது. நார்வே வானொலி 2016இல் நடத்திய வாக்கெடுப்பில் நாட்டின் சிறந்த கவிதையாக மக்கள் தேர்ந்தெடுத்த கனவு பற்றிய கவிதையும் அந்தத் தொகுப்பில் உள்ளதுதான். இடைப்பட்ட காலமெல்லாம் அவர் நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். 1924இல், பதினைந்து பதினாறு வயதில் தொடங்கி, இறந்த வருடம் வரை. அவர் மறைவுக்குப் பின் அது ஐந்து பெரிய தொகுதிகளாக வந்தது. ஆகவே உங்கள் இருபது வருடத்தை நினைத்து வருந்தாதீர்கள். உள்ளே போனது எதுவும் வீணாகியிருக்காது.

'ஒரே ஊரில் இருந்தவர்' என்பதும் பாதிதான் உண்மை. அவர் ஆங்கிலமும் ஜெர்மனும் பிரெஞ்சும் தானாகவே கற்றுக்கொண்டு ஹோல்டர்லின், ட்ராக்ல், ப்ரெக்ட், செலான் என்று ஜெர்மனில் எழுதிய கவிஞர்கள் எல்லோரையும் தன் நைநோர்ஸ்க்கில் (நார்வேஜிய மொழியின் இரண்டு எழுத்து வடிவங்களில் ஒன்று) மொழிபெயர்த்தார். ஒரு கவிதையில், சீனக் கவி தாவோ ச்சியென் ஒருநாள் தன்னைப் பார்க்க வந்தால் செர்ரி மரங்களையும் ஆப்பிள் மரங்களையும் காட்டுவேன் என்கிறார். பதவியை உதறிவிட்டு வயலுக்குத் திரும்பிய தாவோ ச்சியென் அவருக்குப் பதினைந்து நூற்றாண்டுக்கு முந்தியவர். உல்விக்கில் உட்கார்ந்துகொண்டு அவரைத் தனக்குப் பக்கத்து வீட்டுக்காரராக ஆக்கிக்கொள்ள ஹவுகேயால் முடிந்திருக்கிறது. அந்த ஊரில் பிறந்தவர்கள் நிறையப் பேர், ஹவுகே ஒருவர்தான். பிறப்பு மட்டும் போதும் என்றால் கணக்கு உதைக்கிறதே.

இனி உங்கள் கவிதைக்கு வருவோம். நீங்கள் ஏன் பனியை எழுத வேண்டும்? பெர்கன் மழை ஊர். வருடத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிற இடம். உங்கள் வடக்கு பெரும்பாலும் மழையும், ஈரம் உலராத ஜாக்கெட்டும், பகல் ஆறு மணி நேரத்தை ஒட்டியே நிற்கிற டிசம்பரும்தான். அதை விட்டுவிட்டு, வடக்கு என்றால் பனி என்று மற்றவர்கள் தீர்மானித்ததை நீங்களும் எழுதப் போனால் அது அட்டையாகத்தான் வரும்.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் சொல்லிவிட்ட ஒரு வரி இருக்கிறது: படியில் உறைந்த ஐஸில் மணல் தூவுவது. அதை நேரமின்மைக்கு ஆதாரமாகக் கொடுத்திருக்கிறீர்கள். எனக்கு அதில் ஒரு கவிஞன் தெரிகிறான். எந்தப் படியில் ஐஸ் முதலில் பிடிக்கிறது? கூரையிலிருந்து எங்கே சொட்டுகிறது? கருப்பாக, கண்ணுக்கே தெரியாமல் படிகிற ஐஸை இருட்டில் எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள், காலாலா, விளக்கு பட்டு மின்னுவதாலா? முந்தைய நாள் தூவிய மணல் மறுநாள் எங்கே போகிறது? உங்களுக்குப் பின்னால் யார் அந்தப் படியில் இறங்கப் போகிறார்கள் என்று தூவுகிறீர்கள்? இதற்கெல்லாம் உங்களிடம் பதில் இருக்கும். இதைச் சென்னையில் இருக்கும் என்னால் எத்தனை புத்தகம் படித்தாலும் எழுத முடியாது. ஒரு குளிர்காலம் முழுக்க இதை மட்டும் குறித்து வையுங்கள், கவிதையாக வேண்டும் என்று நெருக்காதீர்கள்.

இன்னொரு வேண்டுகோள். நாங்கள் ஹவுகேயை ஆங்கிலம் வழியாகத்தான் படிக்கிறோம். நீங்கள் அவர் மொழியிலேயே படித்திருக்கிறீர்கள். அவருடைய சின்னக் கவிதைகளில் ஒரு பத்தை நேராகத் தமிழுக்குக் கொண்டுவாருங்கள். அரிவாளில் தொடங்கலாம். மகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள், சந்தேகம் வந்தால் அவள் தீர்த்துவைப்பாள். அனுப்பினால் இங்கேயே வெளியிடுகிறேன்.

அன்புடன்