எடை குறைந்த, மென்மையான இருபக்க ப்ளேடு ரேசரைப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறீர்களா? அது நன்றாக மழிக்குமா?

நன்றாகவே மழிக்கும். தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் சவரம் செய்பவராக இருந்தால் தயங்காமல் வாங்கலாம். வாரக்கணக்கில் வளர்ந்த தாடியை ஒரே இழுப்பில் எடுத்துவிட நினைப்பவருக்கு இது சரிப்பட்டு வராது.

நான் நாகர்கோவில்காரன். காலையில் சவரம் செய்யாமல் வேலைக்குக் கிளம்ப முடியாது. கழுத்தில் எளிதில் சிவந்து தடிக்கும் தோல் எனக்கு. இப்போது என்னிடம் இருப்பது ஹென்சன் ஏஎல்13 என்ற அலுமினிய ரேசர். மென்மை, நடுத்தரம், தீவிரம் என்று மூன்று வகைகளில் வருகிறது. நான் எடுத்தது மென்மையான வகை. கனடாவில் விமானத் துறைக்கான பாகங்களைக் கடைந்து கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் ஆரம்பித்த நிறுவனம் அது. ரேசரின் எடை 37 கிராம். பித்தளையிலும் துத்தநாகக் கலவையிலும் செய்த பல ரேசர்கள் இதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் கனக்கும்.

கேள்வியில் எடைக் குறைவும் மென்மையும் ஒன்றாகச் சேர்ந்து வந்திருக்கின்றன. இவை இரண்டும் வேறு வேறு சங்கதிகள் என்பதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். எடை குறைவு என்பதால் ஒரு ரேசர் சாதுவாகிவிடாது. கனமான ரேசர்களிலும் பரம சாதுக்கள் உண்டு. குணத்தைத் தீர்மானிப்பது ப்ளேடு உட்காரும் விதம்.

மேல்மூடியின் விளிம்பிலிருந்து கீழே உள்ள தடுப்பு விளிம்புவரை ஒரு நேர்கோடு இழுத்துப் பாருங்கள். ப்ளேடின் கூர்முனை அந்தக் கோட்டைத் தாண்டி எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதோ, அவ்வளவுக்கு அந்த ரேசர் முரடு. கோட்டை ஒட்டியோ சற்று உள்ளேயோ இருந்தால் சாது. என்னிடம் உள்ள ரேசரில் அந்த நீட்சி சுமார் 0.03 மில்லிமீட்டர் மட்டுமே. ஒரு தலைமுடியின் தடிமனில் பாதிகூட இல்லை. தோலில் புகுந்து வெட்ட அந்த ப்ளேடுக்கு அவ்வளவாக இடமில்லை.

இன்னொன்று, ப்ளேடை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறது என்பது. இருபக்க ப்ளேடின் தடிமன் 0.1 மில்லிமீட்டர்தான், கையில் எடுத்தால் காகிதமாக வளையும். அதை இரண்டு தகடுகளுக்கு நடுவில் வளைத்து இறுக்கினால் விறைத்து நிற்கும். கிங் கேம்ப் ஜில்லெட் 1904-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற ரேசரின் சூட்சுமமே இதுதான். கூர்முனைக்கு மிக அருகில்வரை தகடு தாங்கிப் பிடித்தால், முரட்டு முடியில் மோதும்போது ப்ளேடு அதிராது. பிடி தளர்ந்திருந்தால் முனை துடித்துத் துடித்துத் தோலைச் சுரண்டும். சவரம் முடிந்த பிறகு வரும் எரிச்சலுக்கு இந்தத் துடிப்பும் ஒரு காரணம். விலை குறைந்த ரேசர் வாங்குகிறவர்கள் ப்ளேடைப் போட்டு மூடியபின், இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளியே தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலே போதும், பாதித் தொல்லை தீரும்.

எடை இல்லாததால் கையின் பழக்கம் மாற வேண்டியிருக்கிறது. கனமான ரேசரை நாம் பிடித்தால் மட்டும் போதும், அதன் பாரமே இழுத்துக்கொண்டு போகும். இதில் அந்தப் பாரம் கிடையாது. வெட்டவில்லையோ என்ற சந்தேகத்தில் அழுத்தத் தோன்றும். அழுத்தக்கூடாது. கைப்பிடியின் நுனியை விரல்களால் லேசாகப் பிடித்து, மேல்மூடியின் சரிவு கன்னத்தில் முழுதாகப் படியும்படி வைத்துச் சின்னச் சின்ன இழுப்புகளாக இழுங்கள். சரிவு படிந்துவிட்டால் ப்ளேடு சுமார் 30 பாகைக் கோணத்தில் தானாக அமர்ந்துகொள்ளும். சரியான கோணத்தில் சரசரவென்று முடி அறுபடும் ஓசை காதில் விழும். ஓசை நின்றால் கைப்பிடியைக் கொஞ்சம் ஏற்றி இறக்கிப் பாருங்கள், மீண்டும் கேட்கும். நான் குளியலறை விசிறியை அணைத்துவிட்டே சவரம் செய்கிறேன்.

இந்த ரேசரின் உண்மையான அருமை எனக்குத் தெரிந்தது அப்பாவுக்குச் சவரம் செய்துவிடும்போதுதான். அவருக்குக் கை நடுங்குகிறது. சலூன் நாற்காலியில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருக்கவும் கழுத்து ஒத்துழைப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போகும் முன், வராந்தாவில் வெளிச்சம் விழும் பக்கமாக நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்த்துவேன். பல் இல்லாத கன்னம் குழிந்திருக்கும். வாய்க்குள் காற்றை நிரப்பிக் கன்னத்தை உப்பச் சொன்னால் உப்புவார், பாதியில் சிரிப்பு வந்து காற்று போய்விடும். தாடைக்குக் கீழே தோல் மடிந்து தொங்குகிறது. இடது கைப் பெருவிரலால் அதைக் காதுப் பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஒரு விரற்கடை நீளத்துக்கு மேல் போகாமல் இழுப்பேன். அங்கே முடி கீழ்நோக்கி வளராமல் பக்கவாட்டில் படுத்திருக்கிறது. நனைப்பதற்கு முன்பே உலர்ந்த விரலால் தடவிப் பார்த்துத் திசையைத் தெரிந்துகொள்வேன். “மக்களே, மீசையில கை வச்சிராத” என்பது மட்டும்தான் அவருடைய கட்டளை. கனமான ரேசரை அந்தத் தளர்ந்த தோலில் வைக்க எனக்குத் துணிவு வராது. லேசான ரேசர் விரலின் நீட்சியாகவே நடந்துகொள்கிறது, நினைத்த இடத்தில் நிற்கிறது. வயதானவர்களுக்குச் சவரம் செய்துவிடும் எல்லோருக்கும் இதை மனமாரப் பரிந்துரைக்கிறேன். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். அவர்களுக்குப் பொதுவாக மின்சார ரேசரையே சொல்வார்கள்.

நுரைக்கு வருவோம். குமரி மாவட்டத்தில் ஊருக்கு ஊர் தண்ணீர் மாறுகிறது. கடலோரத்தில் பல கிணறுகளில் நீர் கடினமாக இருக்கும். சோப்பு நுரைக்காமல் திரிந்து வெள்ளைப் படிவாக ஒட்டும், அதன்மேல் எந்த ரேசரை இழுத்தாலும் எரியும். மலையடிவாரத்தில், குலசேகரம் பக்கத்து ஆற்றுநீரில் அதே சோப்பு, அதே பிரஷ், குழைந்து பொங்குகிறது. உங்கள் வீட்டு நீர் கடினமானதென்றால், மழைநீரோ ஆர்.ஓ. இயந்திரத்தில் சுத்திகரித்த குடிநீரோ ஒரு கிண்ணம் எடுத்து நுரைக்கு மட்டும் பயன்படுத்துங்கள். ரேசரைக் குறைசொல்வதற்கு முன் தண்ணீரைச் சோதித்துவிடுவது நல்லது. ஒரு தடவை முடி வளரும் திசையில், மறுபடியும் நுரை பூசி ஒரு தடவை குறுக்கே. பெரும்பாலோருக்கு இது போதும். எதிர்த்திசையில் இழுத்துக் கண்ணாடிபோல் வழவழப்பாக்கும் ஆசையைக் கழுத்தில் விட்டுவிடலாம். நம் ஊர் வியர்வையில் அங்கேதான் முடி உள்ளேயே சுருண்டு கொப்புளமாகும்.

நீண்ட தாடி விஷயத்தில் இது திணறும் என்று முதலிலேயே சொன்னேன். சபரிமலைக்கு மாலை போட்டு 41 நாள் விரதம் இருந்தவர்களும், தவக்காலத்தில் தாடி வளர்க்கும் வழக்கமுள்ளவர்களும் நம் மாவட்டத்தில் நிறைய உண்டு. அவர்கள் எடுத்த எடுப்பில் இதை வைத்தால் சிறிய இடைவெளிக்குள் முடியும் நுரையும் அடைத்துக்கொள்ளும். முதலில் கத்தரிக்கோலாலோ டிரிம்மராலோ ஒட்ட வெட்டிவிட்டு, பிறகு ரேசருக்கு வாருங்கள்.

உப்புக்காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். முட்டம், குளச்சல் போன்ற ஊர்களில் இருப்பவர்களுக்கு இது தெரிந்த தொல்லைதான். துருப்பிடிக்காத எஃகு என்று போட்ட ப்ளேடிலும் புள்ளி விழுந்துவிடுகிறது. வேலை முடிந்ததும் ரேசரைத் தளர்த்தி, அலசி, உதறி, குளியலறைக்கு வெளியே வையுங்கள். ப்ளேடின் விளிம்பைத் துணியால் துடைக்க வேண்டாம், கூர் கெடும், கையும் அறுபடும். அலுமினியம் துருப்பிடிக்காது என்றாலும், சலவைச் சோடா, பிளீச்சிங் பவுடர், குளியலறை கழுவும் அமிலம் எதுவும் அதன்மேல் படக்கூடாது, மேல்பூச்சு கெட்டுப்போகும். டைட்டானியத்தில் செய்த ரேசர்களும் வருகின்றன, விலை மிக அதிகம். மணவாளக்குறிச்சி மணலில் பிரித்தெடுக்கும் இல்மனைட்தான் டைட்டானியத்தின் தாது என்பதால், அந்த விளம்பரங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நம் ஊர்ப் பாசம் வந்துவிடுகிறது.

ரேசருக்கு அதிகம் செலவிட மனமில்லையென்றால் பிளாஸ்டிக் கைப்பிடி கொண்ட இருபக்க ப்ளேடு ரேசரில் தொடங்குங்கள். அவையும் லேசானவை, பெரும்பாலும் சாதுவானவை. ப்ளேடு எந்த நிறுவனத்தினுடையதாக இருந்தாலும் பொருந்தும், பெட்டிக்கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். சாதுவான ரேசருக்குக் கூர்மையான ப்ளேடு வேண்டும், மழுங்கியதைப் போட்டு இழுக்காதீர்கள். இரண்டு மூன்று வகை வாங்கிப் பார்த்து உங்கள் தோலுக்கு ஒத்ததை வைத்துக்கொள்ளுங்கள். பழைய ப்ளேடைக் குப்பைப் பையில் வெறுமனே போடுவது பெரிய கொடுமை, தூய்மைப் பணியாளர்கள் அதைக் கையால்தான் பிரிக்கிறார்கள். மூடியில் கீறல் போட்ட ஒரு தகர டப்பாவில் சேர்த்து, நிறைந்ததும் ஒட்டி மூடிக் கொடுங்கள்.

வளைகுடா வேலைக்குத் திருவனந்தபுரத்திலிருந்து விமானம் ஏறுகிறவர்கள் ப்ளேடைக் கைப்பையில் வைக்க வேண்டாம், சோதனையில் எடுத்துவிடுவார்கள். ரேசரிலிருந்து கழற்றி, உறையோடு பெரிய பெட்டிக்குள் போட்டு அனுப்பிவிடுங்கள்.