எலி தும்மினால் டாக்டரிடம் எப்போது போக வேண்டும்?

கேள்வி: வீட்டில் இரண்டு பெண் எலிகள் வளர்க்கிறோம். பெரியதற்கு ஒன்றரை வயது. பத்து நாட்களாக அடிக்கடி தும்முகிறது. காலையில் பார்த்தால் மூக்கோரமும் கண்ணோரமும் சிவப்பாக ஏதோ காய்ந்திருக்கிறது. ரத்தமோ என்று பயமாக இருக்கிறது. சாப்பிடுகிறது, விளையாடுகிறது. இரண்டு வாரத்துக்கு முன்பு கூண்டில் போடும் மரத்தூளை மாற்றினோம். எலியை விற்ற கடைக்காரர், தண்ணீரில் கலந்து வைக்க ஓர் ஆன்டிபயாடிக் பொடி இருக்கிறது, அதைக் கொடுத்தாலே போதும் என்கிறார். ஒரு கிளினிக்குக்கு போன் செய்தால் "எலியெல்லாம் பார்ப்பதில்லை" என்று வைத்துவிட்டார்கள். கொஞ்ச நாள் பார்க்கலாமா, டாக்டரிடம் போயே ஆக வேண்டுமா?

பதில்: போயே ஆக வேண்டும். இந்த வாரத்துக்குள் காட்டுங்கள். இன்றிரவே ஓடத் தேவையில்லை. ஆனால் மூச்சில் சிரமம் தெரிந்தால் அந்த நிமிடமே கிளம்ப வேண்டும். அந்தச் சிரமத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கீழே சொல்கிறேன். கடைக்காரரின் பொடியை வாங்காதீர்கள்.

முதலில் அந்தச் சிவப்பு. அது ரத்தம் இல்லை. எலியின் கண்ணுக்குப் பின்னால் ஒரு சுரப்பி இருக்கிறது. அதில் சுரக்கும் போர்ஃபிரின் என்ற நிறமி கண்ணீரோடு கலந்து கண்ணோரமும் மூக்கு வழியாகவும் வெளியே வருகிறது. தூங்கி எழுந்ததும் துளி சிவப்பு தெரிவது எல்லா எலிக்கும் உண்டு. ஆனால் நலமாக இருக்கும் எலி எழுந்த உடனே முன்னங்கால்களால் முகத்தைத் துடைத்துச் சுத்தம் செய்துவிடும். உங்கள் எலியின் முகத்தில் அது காய்ந்து ஒட்டியிருக்கிறது என்றால், சுரப்பது கூடியிருக்கிறது, அல்லது துடைக்கும் உற்சாகம் குறைந்திருக்கிறது. எலிக்கு ஏதோ சரியில்லை என்பதை அந்தச் சிவப்பு சொல்கிறது. என்ன நோய் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

தும்மலுக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது மைக்கோப்ளாஸ்மா என்ற நுண்ணுயிரி. செல்லப்பிராணியாக விற்கப்படும் எலிகளில் ஏறக்குறைய எல்லாவற்றின் உடலிலும் இது இருக்கிறது. தாயிடமிருந்தே குட்டிக்கு வந்துவிடும். இளம் எலியின் உடல் அதை அடக்கி வைத்திருக்கும். வயது ஏறும்போதோ, கூண்டில் சிறுநீரின் அம்மோனியா நெடி சேரும்போதோ, வேறு ஒரு தொற்று வரும்போதோ அது தலைதூக்கும். முழுதாக ஒழிக்க முடியாது, அடக்கி வைக்க முடியும். உங்களுக்கோ வீட்டுக் குழந்தைகளுக்கோ இது பரவாது. ஆனால் கவனிக்காமல் விட்டால் நுரையீரலைக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்துவிடும், அழிந்த பகுதி திரும்ப வராது. எலியின் ஆயுளே இரண்டிலிருந்து மூன்று வருடம். அதில் பத்து நாள் என்பது சின்னக் காலம் இல்லை.

"சாப்பிடுகிறது, விளையாடுகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நம்பி இருந்துவிடாதீர்கள். பூனைக்கும் பாம்புக்கும் பருந்துக்கும் இரையாகிற பிராணி எலி. பலவீனத்தை வெளியே காட்டாமல் இருப்பது அதன் இயல்பு. கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு அது சோர்ந்துபோகும்போது நோய் ஏற்கெனவே முற்றியிருக்கும். அதனால் கண்ணை நம்பாமல் தராசை நம்புங்கள். சமையலறையில் இருக்கும் டிஜிட்டல் தராசில் ஒரு கிண்ணத்தை வைத்து, வாரம் ஒரு முறை ஒரே நேரத்தில் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். இப்போது தும்முவதால் தினமும் பாருங்கள். எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், அதாவது 300 கிராம் இருந்தது 270 ஆனால், வேறு எந்த அறிகுறியும் தேவையில்லை. டாக்டரிடம் போக அதுவே போதுமான காரணம்.

அடுத்தது மூச்சு. எலி அயர்ந்து தூங்கும்போது விலாப் பக்கத்தைப் பாருங்கள். நலமான எலி நிமிடத்துக்குச் சுமார் 70 முதல் 115 முறை மூச்சு விடும். அதை எண்ணுவது கஷ்டம். போனில் ஸ்லோமோஷன் வீடியோ எடுத்தால் எண்ணலாம். எண்ணிக்கையைவிட மூச்சு எப்படிப் போகிறது என்பது முக்கியம். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா உள்ளே குழிந்து போகிறதா? தலையும் சேர்ந்து ஆடுகிறதா? முதுகைக் கூன் போட்டு, ரோமம் சிலிர்த்து, ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறதா? இதில் ஒன்று தெரிந்தாலும் அதுதான் நான் மேலே சொன்ன மூச்சுச் சிரமம், உடனே கிளம்புங்கள். இவை இல்லையென்றால் அடுத்ததைப் பாருங்கள். பிறகு எலியைக் கையில் எடுத்து அதன் விலாவில் உங்கள் காதை வையுங்கள். நலமான நுரையீரலில் சத்தமே கேட்காது. கரகரப்போ, கீச்சென்ற விசில் சத்தமோ, நொறுங்குவது போன்ற ஒலியோ கேட்டால், மறுநாளே அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள்.

வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் நேரம் பார்க்காதீர்கள், நள்ளிரவானாலும் கிளம்புங்கள். எலி மூக்கால் மட்டுமே மூச்சு விடும் பிராணி. வாயைத் திறக்கிறது என்றால் மூக்கு வழி கைவிட்டுவிட்டது என்று அர்த்தம். பாதமும் வாலும் நீலம் பாய்ந்தோ, வெளிறியோ போனாலும் அப்படித்தான். இந்த நிலையில் வீட்டில் ஆவி பிடிக்க வைப்பது, இருமல் மருந்து புகட்டுவது எதுவும் வேண்டாம். வாய்க்குள் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும்.

தும்மலைத் தவிர்த்து, உடனே கிளம்ப வேண்டிய மற்றவற்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வலிப்பு. ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருப்பது. தலை திடீரென ஒரு பக்கம் சாய்ந்து வட்டமடிப்பது. பெரும்பாலும் உள்காதில் தொற்று, சீக்கிரம் மருந்து கொடுத்தால் தேறும். வெயிலில் அயர்ந்து விழுவது. பிறப்புறுப்பிலிருந்தோ சிறுநீரிலோ ரத்தம். எலிகளுக்கு மாதவிடாய் கிடையாது, அதனால் அங்கே வரும் ரத்தம் ஒருபோதும் இயல்பானதில்லை. எலிப் பாஷாணம் தின்றிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே போதும், அறிகுறிக்காகக் காத்திருக்காதீர்கள். ரத்தத்தை உறைய விடாத வகை விஷம் வெளியே தெரிய சில நாட்கள் எடுக்கும். தெரிந்த பிறகு போனால் பெரும்பாலும் தாமதமாகியிருக்கும்.

உங்கள் இரண்டும் பெண் எலிகள் என்பதால் கட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெண் எலியின் பால்சுரப்புத் திசு கழுத்திலிருந்து தொடை இடுக்கு வரை பரவியிருக்கும். ஆகவே கட்டி அக்குளிலோ, தோளுக்குப் பின்னாலோகூட வரலாம். பெரும்பாலும் புற்றுநோய் வகை இல்லை, ஆனால் வேகமாக வளரும். பட்டாணி அளவில் இருக்கும்போது எடுப்பது சின்ன அறுவை சிகிச்சை. எலுமிச்சை அளவுக்கு வளரவிட்டால் அது வேறு கதை. எடை பார்க்கும்போதே உடம்பு முழுக்க விரலால் தடவிப் பாருங்கள்.

இப்போது மரத்தூள். நீங்கள் அதை மாற்றியது தற்செயலாக இருக்கலாம், காரணமாகவும் இருக்கலாம். "நுண்ணுயிரி இல்லாத தும்மல்" என்று ஒன்று உண்டு. தூசி, வாசனை ஏற்றிய துகள், பைன், சீடார் மரச்சீவலின் காரமான நெடி இவையெல்லாம் மூக்கை எரிக்கும். புது வீட்டுக்கு வந்த குட்டி எலி முதல் ஒன்றிரண்டு வாரம் தும்முவதும் இதே வகை. இதற்கு மருந்து தேவையில்லை, தானாக அடங்கும். ஆனால் இந்த விதிவிலக்கைப் பிடித்துக்கொண்டுதான் பலர் நாட்களை வீணாக்குகிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். இது வெறும் எரிச்சல்தான் என்று நினைக்க வேண்டுமானால் நான்கும் சேர்ந்து பொருந்த வேண்டும். ஒன்று, தும்மல் மட்டும்தான் இருக்க வேண்டும். விலாவில் காது வைத்தால் சத்தம் கேட்கக் கூடாது. இரண்டு, எடை துளியும் குறையக் கூடாது. மூன்று, தும்மல் நாளுக்கு நாள் குறைய வேண்டும், அப்படியே நீடித்தால் பொருந்தாது. நான்கு, எரிச்சலுக்கான காரணத்தை நீக்கிய மூன்று நான்கு நாளில் நன்றாக மட்டுப்பட வேண்டும். இதில் ஒன்று பொருந்தாவிட்டாலும் விதிவிலக்கு போயிற்று. ஒரே கூண்டில் இருக்கும் இன்னொரு எலி தும்முகிறதா என்பதையும் பாருங்கள். இரண்டும் ஒரே நாளில் தும்ம ஆரம்பித்திருந்தால் மரத்தூளின் மேல் சந்தேகம் கூடும். ஒன்று மட்டும் தும்முகிறது, அதுவும் வயதில் மூத்தது என்றால் சந்தேகம் நுரையீரல் பக்கம் திரும்பும். அப்புறம், மரத்தூளால் வந்த எரிச்சலே தூங்கிக்கொண்டிருந்த மைக்கோப்ளாஸ்மாவை எழுப்பிவிடலாம். காரணம் மரத்தூள்தான் என்று தெரிந்துவிட்டால்கூட மூன்று நான்கு நாளைத் தாண்டிக் காத்திருக்கக் கூடாது என்று நான் சொல்வது அதனால்தான்.

ஆகவே இன்று அந்த மரத்தூளை முழுவதும் அள்ளிக் கொட்டிவிட்டு, தூசி வராத காகிதத் துண்டுகளையோ பருத்தித் துணியையோ விரியுங்கள். இன்றே டாக்டரிடம் நாலைந்து நாள் தள்ளி ஒரு நேரமும் வாங்குங்கள். அதற்குள் தும்மல் அடியோடு நின்று, எடையும் நிலையாக இருந்தால் போகாமல் விடலாம். முதலில் காத்திருந்து பார்த்து, அப்புறம் அப்பாயின்ட்மென்ட் தேடினால் எலி பார்க்கும் டாக்டர் கிடைப்பதற்குள் இன்னொரு வாரம் போய்விடும்.

கடைப் பொடிக்கு வருகிறேன். இதை நான் எவ்வளவு சொன்னாலும் போதாது. தண்ணீரில் மருந்து கலந்து வைத்தால் எலி எவ்வளவு குடித்தது என்று யாருக்குத் தெரியும்? நோயாளி எலி குறைவாகத்தான் குடிக்கும், கூட இருக்கும் நலமான எலி அதிகம் குடிக்கும். மருந்து வேண்டியதற்குக் குறைவு, வேண்டாததற்கு நிறைவு. கசந்தால் இரண்டுமே தண்ணீரைத் தொடாது; ஏற்கெனவே மூச்சுக்குப் போராடும் எலி நீர்ச்சத்தும் வற்றிப்போகும். சில ஆன்டிபயாடிக்குகள் தண்ணீரில், வெளிச்சத்தில், சில மணி நேரத்திலேயே வீரியம் இழக்கும். எல்லாவற்றையும்விட மோசமானது, அரைகுறை அளவு கிருமியைக் கொல்லாமல் அறிகுறியை மட்டும் சில நாள் அமுக்கிவிடுவது. "பொடி வேலை செய்தது" என்று நீங்கள் நிம்மதியாக இருக்கும் நேரத்தில் உள்ளே நுரையீரல் கெட்டுக்கொண்டிருக்கும். அதே எலியை இரண்டு மாதம் கழித்து என்னிடம் கொண்டுவரும்போது வழக்கமான மருந்துக்கு அது அசைவதில்லை. பொடியை விற்றவருக்கு இது எதுவும் தெரியப்போவதில்லை. எலி செத்தால் இன்னொரு எலியை விற்பார். விற்கும் கையே மருந்தும் சொன்னால் அங்கிருந்து விலகி வாருங்கள். பேன், சொறிக்கு என்று அவர்கள் தரும் சொட்டு மருந்தும் இப்படித்தான். நாய்க்கான வீரியத்தில் இருப்பதை எலியின் முதுகில் ஊற்றி உயிரை எடுத்துவிடுவார்கள்.

டாக்டர் தரும் மருந்து வேறு மாதிரி. எலியை எடை போட்டு, அந்த எடைக்கு அளவு கணக்கிட்டு, ஊசியில்லாத சிரிஞ்சில் வாய் வழியாகக் கொடுக்கச் சொல்வார். இதற்கு வழக்கமாகப் பயன்படுவது டாக்ஸிசைக்கிளின், என்ரோஃப்ளாக்சசின் வகைகள், சில நேரம் இரண்டும் சேர்ந்து, சில வாரங்களுக்கு. நடுவில் தும்மல் நின்றாலும் மருந்தை நிறுத்தக் கூடாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: எலியைத் தராசில் வைக்காமலே மருந்துச் சீட்டு எழுதும் டாக்டர் உங்கள் எலிக்கு ஏற்றவர் இல்லை.

உங்களுக்கு போனில் கிடைத்த பதிலைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. மனிதனுக்கான எத்தனையோ மருந்துகளை முதலில் எலியிடம்தான் சோதித்தோம். அதன் உடலைப் பற்றி அறிவியலுக்குத் தெரிந்த அளவுக்கு வெகு சில பிராணிகளைப் பற்றித்தான் தெரியும். ஆனால் கால்நடை மருத்துவப் படிப்பில் எலி சோதனைக்கூடப் பிராணியாக வருகிறது, ஒழிக்க வேண்டிய பிராணியாக வருகிறது, நோயாளியாக வருவது அபூர்வம். மருந்து உறைகளிலும் பெரும்பாலும் எலிக்கான அளவு இருக்காது. படித்து முடித்த டாக்டர் தயங்குவதைப் புரிந்துகொள்கிறேன். வரவேற்பு மேசையில் இருப்பவர் டாக்டரைக் கேட்காமலே வைத்துவிடுவதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அடுத்த முறை "எலி பார்ப்பீர்களா" என்று கேட்காதீர்கள். "முயல், கினிப்பன்றி மாதிரி சின்னப் பிராணிகளைப் பார்க்கும் டாக்டர் எந்த நாளில் இருப்பார், அவரிடமே பேச முடியுமா" என்று கேளுங்கள். கால்நடை மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த மருத்துவமனை எட்டும் தூரத்தில் இருந்தால் அங்கேயும் முயலுங்கள்.

போகும்போது இரண்டு எலிகளையும் சேர்த்தே கொண்டுபோங்கள். துணை இருந்தால் நோயாளி எலி குறைவாகப் பயப்படும், டாக்டரும் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பெட்டியில் தண்ணீர் பாட்டில் கொட்டிவிடும், ஒரு வெள்ளரித் துண்டு வையுங்கள். தூக்கத்தில் எடுத்த மூச்சு வீடியோவையும் எடைக் குறிப்பையும் காட்டுங்கள். கிளினிக்கில் பயந்துபோன எலியின் மூச்சைவிட அவை உண்மையானவை. எக்ஸ்ரேவுக்காகவோ அறுவை சிகிச்சைக்காகவோ மயக்க மருந்து கொடுப்பதாக இருந்தால், நாய் பூனைக்குச் சொல்வது போல இரவெல்லாம் பட்டினி போடச் சொல்லக்கூடும். எலியால் வாந்தி எடுக்க முடியாது, அதனால் அந்தப் பட்டினிக்குத் தேவையே இல்லை. நீண்ட பட்டினி அதன் ரத்தச் சர்க்கரையைத்தான் இறக்கிவிடும். அப்படிச் சொன்னால் வீடு திரும்புவதற்கு முன்பே டாக்டரிடம் ஏன் என்று கேட்டுவிடுங்கள்.