முழங்கால் வீக்கமும் வயல் சேறும்

கேள்வி: அப்பாக்கு 58 வயசு, சீனி வருத்தம். வெள்ளவத்தையில இருக்கிறம், மழைக்க கிளிநொச்சிக்கு வயல் பாக்கப் போய் ரெண்டு கிழமை நிண்டவர். வந்து பத்து நாளில வலது முழங்கால் வீங்கி, பின்னேரம் பின்னேரம் காய்ச்சல். யூரிக் அசிட் கூட, கவுட் (யூரிக் அசிட் மூட்டில படிஞ்சு வீங்கிற வருத்தம்) எண்டு குளிசை தந்தவை, கேக்கேல்ல. இப்ப மூட்டுக்க ஸ்டெரோய்ட் ஊசி போடுவமாம். போடலாமா டொக்டர்?

பதில்: பிள்ளை, அந்த ஊசிய இப்ப போட விடாதேங்கோ. முதல்ல முழங்காலுக்குள்ள நிக்கிற தண்ணிய இழுத்துப் பாக்கோணும், மற்றக் கதை பிறகு. யூரிக் அசிட் கூடின எல்லாருக்கும் கவுட் இல்ல, கவுட் இருந்தாலும் அதே மூட்டுக்க கிருமியும் இருக்கலாம், அப்பிடி இருந்தா ஸ்டெரோய்ட் அதைக் கூட்டிவிடும்.

சீனி, மழை வயல், காய்ச்சல், இந்த மூண்டும் சேர்ந்தா எனக்கு மெலியோய்டோசிஸ் ஞாபகம் வரும். சேத்திலயும் தேங்கின தண்ணியிலயும் இருக்கிற கிருமி, பேர் பர்கோல்டேரியா சூடோமலை, காலில ஒரு சின்னக் கீறல் போதும் உள்ளுக்குப் போக. ரங்கூனில 1911ல கண்டு 1912ல எழுதினவை, இலங்கையில 1927லயே ஒராளுக்கு இருந்திருக்கு, ஆனா கன காலம் எங்கட ஆக்கள் இதைத் தேடினதே குறைவு.

நல்ல மூட்டுத் தண்ணி தெளிவா இருக்கும், சிரிஞ்சுக்குப் பின்னால பேப்பரைப் பிடிச்சா எழுத்தை வாசிக்கலாம். உங்கட அப்பா மாதிரி ஒரு ஐயாவுக்கு நான் இழுத்தது கஞ்சித்தண்ணி மாதிரி வந்தது, தலைப்புக்கூடத் தெரியேல்ல, வெள்ளணு ஒரு கன மில்லிமீற்றருக்கு 50,000க்கு மேல. முதல் லாப் ரிப்போர்ட் "சூடோமோனாஸ், வெளியில இருந்து கலந்திருக்கும்" எண்டு வேற ஒரு கிருமியின்ர பேரோட வந்தது, நாங்களும் நம்பிட்டம் பாருங்கோ, திரும்ப அனுப்பி மெலியோய்டோசிஸ் எண்டு பிடிபடுறதுக்குள்ள ஆறு நாள் போச்சு. அதால லாப் ஃபோர்மில சீனி இருக்கு, வயலுக்குப் போனவர், மெலியோய்டோசிஸ் பாக்கவும் எண்டு எழுதச் சொல்லுங்கோ. இது மெல்ல முளைக்கிற கிருமி, அடுத்த நாளே ஒண்டுமில்ல எண்டு எறியக்கூடாது. ரத்தம், சலம் கல்ச்சரும் (கிருமியை வளர்த்துப் பாக்கிற சோதனை), நெஞ்சு எக்ஸ்ரேயும், வயித்து ஸ்கானும் வேணும், ஈரல் மண்ணீரலில சீழ் ஒளிச்சிருக்கலாம். டீபியையும் மறக்காம பாப்பினம்.

இதுதான் எண்டு வந்தா மூட்டைக் கழுவோணும், சிலருக்கு ரெண்டு மூண்டு தரம். நாளத்தால செஃப்டாசிடிம் இல்லாட்டி மெரோபெனம் எண்ட அன்டிபயோட்டிக், மூட்டுக்கு வழக்கமா 4 கிழமை. பென்சிலின், ஜென்டமைசின் எல்லாம் பொதுவா இதுக்கு எடுபடாது. பிறகு கோட்ரைமொக்சசோல் குளிசை குறைஞ்சது 3 மாசம், இங்கதான் ஆக்கள் கவுத்துக் கொட்டுறது, வீக்கம் வத்தி மாடிப்படி ஏறத் தொடங்கின உடன "இனி என்னத்துக்கு" எண்டு நிப்பாட்டுவினம், கொஞ்ச மாசத்தில வருத்தம் திரும்ப வந்து நிக்கும். இந்தக் குளிசையில சல்ஃபா மருந்து இருக்கு, அது ஒத்துக்கொள்ளாட்டி முதலே சொல்லுங்கோ. கிட்னியும் பொட்டாசியமும் இடைக்கிடை செக் பண்ணோணும்.

கிளினிக் திகதி பாத்துக்கொண்டிராம இண்டைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ, சீனி எழுதின கொப்பியையும் எடுங்கோ. காய்ச்சலுக்குப் பனடோல் குடுக்கலாம், ஆனா வீட்டில மிஞ்சிக் கிடக்கிற அன்டிபயோட்டிக் ஒண்டையும் குடுத்திடாதேங்கோ, பிறகு கல்ச்சரில கிருமி முளைக்காமப் போகலாம். மூச்சு வாங்கினா, கதை தடுமாறினா 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கோ.