முகவரி இல்லாத பிள்ளைக்குப் பள்ளியில் இடம் உண்டா?

வாசகர் கேள்வி – சட்டப் பதில்

சாயல்குடியிலிருந்து தங்கச்சிமடம் வரை இராமநாதபுரக் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த ஐந்து கடிதங்கள், நிலையான வீடு இல்லாத பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது எப்படி என்ற ஒரே கவலையை வெவ்வேறு கோணங்களிலிருந்து கேட்டிருக்கின்றன. அதனால் இந்த இதழில் வேறு கேள்விகளை எடுக்கவில்லை.

கேள்வி: எங்கள் பகுதிப் பனைத் தொழிலாளர் குடும்பங்கள் மாசி, பங்குனியில் பனங்காட்டுக்குப் போய் விடிலி (பனையோலைக் குடிசை) போட்டுத் தங்கினால் ஆடியில்தான் ஊர் திரும்புகின்றன. அப்படித் திரும்பிய ஒரு குடும்பத்துக்கு இப்போது சொந்தக் குடிசையும் இல்லை. பாட்டி ஊரில் ஒண்டியிருக்கிறார்கள். பழைய பள்ளியில், நெடுநாள் வரவில்லை என்று பிள்ளைகள் இருவரின் பெயரையும் நீக்கிவிட்டார்கள். பாட்டி ஊர்ப் பள்ளியில், மாற்றுச் சான்றிதழும் பிறப்புச் சான்றிதழும் ஆதாரும் வேண்டும் என்கிறார்கள்; சேர்க்கை முடிந்துவிட்டது என்றும் சொல்கிறார்கள். என்ன செய்வது?
— வாசகி, சாயல்குடி

பதில்: அந்தப் பிள்ளைகளை இன்றே வகுப்பில் உட்கார வைக்க வேண்டும் என்பதுதான் சட்டம். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் குழந்தைகளுக்கான இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009, ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் பேசும்போது, கடமையைப் பெற்றோர் தலையில் மட்டும் வைக்காமல், அரசின் மீதும் உள்ளாட்சி அமைப்பின் மீதும் வைக்கிறது. பிழைப்புக்காக இடம்பெயரும் குடும்பங்களின் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பதை உறுதி செய்வது உள்ளாட்சியின் கடமை என்று 9-ஆம் பிரிவு தனியாகவே எழுதிவைத்திருக்கிறது. விடிலிக்குப் போகிறவர்களும், வாலிநோக்கம் உப்பளத்துக்கும் கரிமூட்டத்துக்கும் ஊர்விட்டுப் போகிறவர்களும் இதற்குள் வருகிறவர்களே.

உங்களிடம் கேட்ட ஒவ்வொன்றுக்கும் சட்டத்தில் விடை இருக்கிறது. மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது என்பது 5-ஆம் பிரிவு. அதே பிரிவு, கேட்ட சான்றிதழை உடனே தராமல் இழுத்தடிக்கும் தலைமை ஆசிரியர் மீது பணி விதிகளின்படி ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம் என்றும் சொல்கிறது. வயதுச் சான்று இல்லை என்பதற்காக எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது என்பது 14-ஆம் பிரிவு. மருத்துவமனைப் பதிவோ, கிராமச் செவிலியரின் பதிவேடோ, அங்கன்வாடிப் பதிவோ, அவை எதுவும் இல்லையென்றால் பெற்றோர் எழுதித்தரும் உறுதிமொழியோ வயதுக்குப் போதும் என்று மத்திய அரசின் மாதிரி விதிகள் கூறுகின்றன. சேர்க்கைக் காலம் முடிந்த பிறகு வந்தாலும் மறுக்கக் கூடாது என்பது 15-ஆம் பிரிவு. ஆதாரைப் பொறுத்தவரை, ஆறு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கைக்கு அதைக் கட்டாயமாக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 26 அன்று அளித்த தீர்ப்பில் தெளிவாக்கிவிட்டது.

பெயரை நீக்கியதைப் பற்றி என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். தொடக்கக் கல்வியை, அதாவது எட்டாம் வகுப்பை, முடிக்கும் வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்று 16-ஆம் பிரிவு சொல்கிறது. வீட்டுக்கு ஒருவரை அனுப்பி விசாரிக்காமல், நான்கு மாதம் வரவில்லை என்று பேனாவால் ஒரு கோடு போட்டு நீக்குவது வெளியேற்றம்தான். அதை நிர்வாக வேலை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன். என் தந்தை வேலை தேடி ஊர் ஊராகக் குடியை மாற்றியவர். ஐந்தாம் வகுப்பில் டி.சி. வரவில்லை என்பதற்காக ஒரு பள்ளியின் வராண்டாவில் இரண்டு வாரம் உட்கார்ந்திருந்தேன். சன்னல் வழியாகக் கேட்ட பாடங்களை இன்றும் மறக்கவில்லை. உள்ளே இருந்த பிள்ளைகள் என்னைப் பார்த்த பார்வையையும் மறக்கவில்லை.

நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் ஒவ்வொரு மாணவருக்கும் எமிஸ் எனப்படும் பள்ளிக் கல்வித் துறையின் இணையத் தகவல் தளத்தில் ஓர் எண் இருக்கிறது. பழைய பள்ளி அந்தப் பெயரை எமிஸ் தளத்தில் ‘காமன் பூல்’ எனப்படும் பொதுத் தொகுப்புக்கு விடுவித்தால்தான் புதிய பள்ளி அதை எடுத்துக்கொள்ள முடியும். பல இடங்களில் சேர்க்கை நிற்பது சட்டத்தால் அல்ல, இந்த ஒரு பொத்தானால். எனவே பழைய பள்ளியின் தலைமை ஆசிரியரிடம் எமிஸ் விடுவிப்பைத் தனியாகக் கேளுங்கள். அது நடக்கும் வரை பிள்ளை புதிய பள்ளியில் உட்கார்ந்து படிக்கலாம், சத்துணவும் பாடநூலும் பெறலாம் என்பதைப் புதிய பள்ளியில் வலியுறுத்துங்கள். விட்டுப்போன மாதங்களைக் காட்டிக் கீழ் வகுப்பில் போடக் கூடாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போனதைச் சிறப்புப் பயிற்சியால் ஈடுசெய்ய வேண்டும் என்பது 4-ஆம் பிரிவு. பள்ளி செல்லாப் பிள்ளைகளுக்கான இந்தப் பயிற்சியை வட்டார வள மையம் ஏற்பாடு செய்யும்.

அப்படியும் மறுத்தால் வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். தேதி, பிள்ளையின் பெயர், என்ன சொல்லி மறுத்தார்கள் என்பதை ஒரு தாளில் எழுதி வட்டாரக் கல்வி அலுவலரிடம் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற எண்ணிலும் சொல்லலாம். 32-ஆம் பிரிவின்படி உள்ளாட்சி அமைப்பிடம் தரும் எழுத்துப்பூர்வமான புகாரை மூன்று மாதத்துக்குள் முடிவு செய்ய வேண்டும். முடிவு நிறைவளிக்காவிட்டால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்திடம் மேல்முறையீடு செய்யலாம். மூன்று மாதம் ஒரு பிள்ளைக்கு மிக நீண்ட காலம் என்பதால்தான் கையொப்பம் வாங்கிய அந்த நகலை முதலில் சொன்னேன். எழுத்தில் புகார் வந்துவிட்டது என்று தெரிந்தாலே பெரும்பாலான கதவுகள் திறந்துவிடுகின்றன.

கேள்வி: ஏர்வாடியில் கடை வைத்திருக்கிறேன். மனநலம் குன்றியவரை அழைத்துக்கொண்டு தர்காவுக்கு வரும் குடும்பங்கள் சில வாரம் என்று வந்து பல மாதம் தங்கிவிடுகின்றன. கூடவே வரும் பிள்ளைகள் பகலெல்லாம் கடற்கரையிலும் கடை வாசலிலும் சுற்றுகிறார்கள். ஒரு தாயிடம் பள்ளியில் சேர்க்கச் சொன்னேன். ‘விலாசம் கேட்பாங்க, இல்லைன்னு சொன்னா பிள்ளையைப் பிடிச்சு ஹோமில் போட்டுடுவாங்க’ என்று அழுதார். அவர் பயம் சரியா?
— வாசகர், ஏர்வாடி

பதில்: அந்தத் தாயின் பயம் காரணமில்லாதது அல்ல, ஆனால் சட்டம் அவர் பயப்படும்படி எழுதப்படவில்லை. இதை அவருக்குப் பொறுமையாகச் சொல்லுங்கள்.

முதலில் விலாசம். அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை சேர முகவரிச் சான்று வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் எந்தப் பிரிவும் சொல்லவில்லை. தனியார் பள்ளிகளில் நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கென ஒதுக்கப்பட்ட 25 விழுக்காடு இடங்களுக்கு விண்ணப்பிக்கும்போது இருப்பிடச் சான்று கேட்பார்கள், அது வேறு. இன்று அந்தப் பிள்ளை எங்கே படுத்து எழுகிறதோ, அதற்கு அருகில் உள்ள அரசுப் பள்ளியே அதன் பள்ளி. வேறு மாநிலத்திலிருந்து வந்திருந்தாலும் இது பொருந்தும். ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு மாறும் உரிமையை 5-ஆம் பிரிவே பெயர் சொல்லிக் கொடுக்கிறது. மூன்று மாதம் கழித்து ஊருக்குத் திரும்பினால் அங்கே மீண்டும் சேர்ந்துகொள்ளலாம். ‘கொஞ்ச நாள்தானே இருக்கப் போகிறார்கள்’ என்று மறுப்பதற்குச் சட்டத்தில் இடமே இல்லை.

அடுத்து ‘ஹோம்’. இளைஞர் நீதிச் சட்டம், 2015, வீடோ நிலையான தங்குமிடமோ, வெளிப்படையான பிழைப்பு வழியோ இல்லாத நிலையில் காணப்படும் பிள்ளையைப் ‘பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை’ என்று வகைப்படுத்துகிறது. இந்த ஒரு வரியை மட்டும் யாரோ சொல்லக் கேட்டுத்தான் தாய்மார்கள் நடுங்குகிறார்கள். ஆனால் அதே சட்டத்தின் 3-ஆம் பிரிவு, பிள்ளையை வளர்க்கும் முதற்பொறுப்பு குடும்பத்துடையது என்றும், இல்லத்தில் சேர்ப்பது மற்ற வழிகள் எல்லாம் ஆராயப்பட்ட பிறகு கடைசியாக எடுக்கும் முடிவு என்றும் சொல்கிறது. தெருவில் தனியாக வாழும் பிள்ளை, குடும்பத்தோடு தெருவில் வாழும் பிள்ளை, பகலில் தெருவிலும் இரவில் அருகிலுள்ள குடிசையிலும் வாழும் பிள்ளை என்று மூன்று வகையாகப் பிரித்தே தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் நடைமுறை வகுத்திருக்கிறது. தாயோடு இருக்கும் பிள்ளையைத் தனித்து விடப்பட்ட பிள்ளையாக நடத்தக் கூடாது.

இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி முடிவெடுக்க அதே சட்டப்படி மாவட்டத்தில் இயங்கும் குழந்தைகள் நலக் குழுவின் முன் பிள்ளை கொண்டுவரப்பட்டாலும், குழு விசாரித்துத் தாயிடமே விட்டு, குடும்பத்துக்கு உதவித்தொகை பரிந்துரைக்க முடியும். பெற்றோரில் ஒருவர் கடும் நோயாலோ விபத்தாலோ பிள்ளையைக் காக்க இயலாத குடும்பங்களையும் கருத்தில் கொண்டு வைக்கப்பட்டது இந்த ஏற்பாடு. மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் இந்தத் தொகை பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். குடும்பத்தின் ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000 ரூபாய்க்கும் நகரத்தில் 96,000 ரூபாய்க்கும் மிகாமல் இருக்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்கலாம். அந்தத் தாய் தனியாகப் போகத் தயங்குவார். நீங்களோ, பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் ஒருவரோ கூடப் போவது மிகப் பெரிய உதவியாக இருக்கும்.

2001 ஆகஸ்ட் 6 அன்று உங்கள் ஊரில் ஒரு மனநலக் காப்பகத்தில் நடந்த தீ விபத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தபோது, நோயாளிகள் எங்கே, எப்படித் தங்கவைக்கப்படுகிறார்கள் என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. நோயாளியோடு வரும் பிள்ளை அந்த மாதங்களில் எங்கே படிக்கிறது என்ற கேள்வியும் அதே கவனத்துக்கு உரியது என்று நான் நினைக்கிறேன். உங்களைப் போன்ற ஒருவர் கடை வாசலிலிருந்து அதைக் கேட்டிருப்பது எனக்கு மிகுந்த நிறைவைத் தருகிறது.

கேள்வி: இராமேசுவரத்தில் எங்கள் தெருவில் உள்ள ஒரு தங்கும் விடுதியில் பதினைந்து வயதுப் பையன் எடுபிடி வேலை செய்கிறான். தாய் தந்தை இல்லை; இரவில் ரயில் நிலையத்தில் படுக்கிறான். ஆறாம் வகுப்போடு நின்றவன். எங்கள் வீட்டிலேயே வைத்துப் படிக்க வைக்க ஆசை. சட்டம் உதவுமா?
— வாசகி, இராமேசுவரம்

பதில்: உங்கள் மனம் பெரியது. ஆனால் அவனை வீட்டுக்கு அழைத்துப் போகும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆதரவற்ற பிள்ளையைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும் எவரும் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் உதவி எண் 1098-க்கோ, காவல் நிலையத்துக்கோ, குழந்தைகள் நலக் குழுவுக்கோ தகவல் தர வேண்டும். தராமல் விடுவது இளைஞர் நீதிச் சட்டப்படி குற்றம். நல்லெண்ணத்தோடு செய்ததுகூட உங்களுக்குச் சிக்கலாகிவிடக் கூடாது.

கல்வி உரிமைச் சட்டத்தின் பெரிய குறை இந்த வயதில்தான் தெரிகிறது. பதினான்கு வயதுக்குள் சேர்ந்த பிள்ளை, வயது தாண்டினாலும் எட்டாம் வகுப்பை முடிக்கும் வரை இலவசமாகப் படிக்கலாம். பதினைந்தில் வாசலுக்கு வருபவனுக்கு அந்தச் சட்டம் உரிமை எதையும் எழுதிவைக்கவில்லை. கல்வியில் நின்றுபோகும் பிள்ளைகள் பெரும்பாலும் நிற்கும் வயது இது என்பதால், பதினெட்டு வயது வரை உரிமையை நீட்ட வேண்டும் என்ற கோரிக்கையை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன்.

இருந்தாலும் வழி அடைபடவில்லை. இளைஞர் நீதிச் சட்டத்துக்குப் பதினெட்டு வயது நிறையும் வரை அவன் குழந்தைதான். குழு அவனுக்கு ஒரு தங்குமிடத்தையும் தனிப் பராமரிப்புத் திட்டத்தையும் வகுக்க வேண்டும். கல்வி அதில் ஒரு பகுதி. அரசுப் பள்ளியில் சேர்வது இயலாவிட்டால் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியாகப் பத்தாம் வகுப்பு எழுதலாம். அதற்குப் பதினான்கு வயது நிறைந்திருந்தால் போதும். இல்லத்தில் வளர்ந்து பதினெட்டில் வெளியேறுபவனுக்கு இருபத்தொரு வயது வரை பின்பராமரிப்பு உதவி உண்டு. அவனைப் பார்க்கப் போவது, பாடம் சொல்லித் தருவது, குழு அனுமதித்தால் வளர்ப்புக் குடும்பமாக இருப்பது ஆகியவற்றை நீங்கள் சட்டப்படியே கேட்டுப் பெறலாம்.

கேள்வி: இலங்கையிலிருந்து படகில் வந்து மண்டபம் முகாமில் சேர்ந்துள்ள உறவினரின் பிள்ளைகளுக்கு இந்தியக் குடியுரிமை இல்லை. பள்ளியில் சேர உரிமை உண்டா?
— வாசகர், மண்டபம்

பதில்: உண்டு. பேச்சுரிமை தரும் 19-ஆவது பிரிவு ‘குடிமக்கள்’ என்று எழுதிய அதே அரசியலமைப்பு, கல்வி தரும் 21அ பிரிவில் ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள ‘எல்லாக் குழந்தைகளும்’ என்று எழுதியிருக்கிறது. இலங்கைப் பள்ளியின் சான்று கையில் இல்லாவிட்டாலும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கலாம்.

கேள்வி: அமெரிக்காவில் என் தம்பிக்கு வேலை போய், வாடகை கட்ட முடியாமல் வீட்டை விட்டு, நண்பர் வீட்டு ஓர் அறையில் குடும்பத்தோடு இருக்கிறான். வேறு நகரம் என்பதால் மகளைப் பழைய பள்ளியிலிருந்து எடுக்க வேண்டும் என்று நினைக்கிறான். அங்கே ஏதாவது பாதுகாப்பு உண்டா?
— வாசகர், தங்கச்சிமடம்

பதில்: உண்டு. அங்கே 1987 முதல் மெக்கின்னி–வென்டோ சட்டம் இருக்கிறது. ‘நிலையான, ஒழுங்கான, போதுமான இரவுத் தங்குமிடம்’ இல்லாத பிள்ளையை அது வீடற்ற பிள்ளையாகக் கொள்கிறது. வீடு இழந்ததாலோ பண நெருக்கடியாலோ பிறர் வீட்டில் ஒண்டியிருப்பவர்களும் அதில் அடங்குவர் என்பதை உங்கள் தம்பி அறியாமல் இருக்கக்கூடும். தெருவில் படுத்தால்தான் வீடற்றவர் என்று பலரும் நினைக்கிறார்கள். அந்தப் பிள்ளை, அதன் நலனுக்கு எதிராக இல்லாத வரை, பழைய பள்ளியிலேயே தொடரலாம். பெற்றோர் கேட்டால் போக்குவரத்து ஏற்பாடு செய்ய வேண்டும். புதிய பள்ளிக்கு மாற விரும்பினால், பழைய பதிவேடோ தடுப்பூசிச் சான்றோ இல்லாமலே உடனே சேர்க்க வேண்டும். பள்ளி மறுத்துத் தகராறு எழுந்தால், அது தீரும் வரை பிள்ளை வகுப்பில்தான் இருக்கும். குடியேற்றத் தாள்கள் சரியாக இல்லை என்பதற்காகவும் மறுக்க முடியாது. 1982-லேயே அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதைத் தீர்த்துவிட்டது.

அங்கே ஒவ்வொரு பள்ளி மாவட்டத்திலும் இந்தப் பிள்ளைகளுக்கென்றே ஒரு தொடர்பு அலுவலர் இருக்க வேண்டும் என்ற விதியும், பழைய பள்ளிக்குப் போய்வரும் செலவை அரசு ஏற்கும் விதியும் நம் சட்டத்திலும் வர வேண்டும் என்று நான் விரும்புகிறேன். சாயல்குடி வாசகி ஐந்து இடங்களுக்கு அலையாமல் ஒருவரிடம் போயிருப்பார்.

உங்கள் தம்பி மகளைப் பள்ளியிலிருந்து எடுக்கும் கடிதத்தில் கையொப்பமிடும் முன், அந்தப் பள்ளி மாவட்ட அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்து, வீடற்ற மாணவர்களுக்கான தொடர்பு அலுவலர் யார் என்று கேட்கட்டும். மகள் இப்போது படிக்கும் பள்ளியின் பெயரையும் நண்பர் வீட்டு முகவரியையும் சொன்னால் போதும். பேருந்து ஏற்பாட்டை அவரிடமே கேட்கலாம்.