பிடிக்காமல் போன பிறகும் மூளை ஏன் "வேண்டும்" என்கிறது? போதைப் பழக்கம் பற்றிக் கேள்வி பதில்

போதை மீட்புப் பிரிவில் மனநல மருத்துவராக இருக்கிறேன். போதைப்பொருள் மூளையை என்ன செய்கிறது என்று யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். எந்த மருந்தை எவ்வளவு எடுக்கலாம் என்று கேட்டவர்கள் மன்னிக்கவும், அதை ஆளைப் பார்க்காமல் சொல்ல முடியாது.

மூளையில் "இன்ப மையம்" என்று ஒன்று இருக்கிறதாமே, உண்மையா? (கல்லூரி மாணவி)

அந்தப் பெயர் வந்த கதை சுவாரசியமானது. 1954இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் என்ற இருவர் எலியின் மூளைக்குள் மெல்லிய கம்பி செருகி வேறு எதையோ ஆராயப் போனார்கள். கம்பி குறி தவறி வேறு இடத்தில் போய் நின்றது. பார்த்தால், மின்தூண்டல் கிடைத்த மூலைக்கே அந்த எலி திரும்பத் திரும்பப் போகிறது. அப்புறம் எலிகள் தாங்களே தூண்டிக்கொள்ள ஒரு நெம்புகோல் வைத்துக் கொடுத்தார்கள். சில எலிகள் மணிக்கு ஆயிரம் தடவைக்கு மேல் அழுத்தின.

இன்று நாம் அதிகம் பேசும் பாதை, நடுமூளையில் இருக்கும் ஒரு சின்ன நரம்பணுக் கூட்டத்தில் தொடங்கி நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ் என்ற பகுதிக்கும், நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைக்கும் போகிறது. அதில் ஓடும் வேதிப்பொருள் டோபமின். "இன்ப மையம்" என்ற பெயர் எனக்குப் பிடிக்காது. அந்த எலிகள் அழுத்திக்கொண்டே இருந்தன என்பதுதான் நாம் கண்ணால் பார்த்தது. அவை சந்தோஷமாக இருந்தன என்பது நாம் சேர்த்துக்கொண்டது.

டோபமின்தானே சந்தோஷத்தைத் தருவது? எல்லா வீடியோவிலும் அப்படித்தான் சொல்கிறார்கள், டாக்டர்.

எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள், நானும் பார்த்தேன்.

வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் என்ற நரம்பியல் ஆய்வாளர் குரங்குகளை வைத்துச் செய்த சோதனையைச் சொல்கிறேன். விளக்கு எரியும், கொஞ்ச நேரத்தில் வாயில் ஒரு சொட்டுப் பழச்சாறு விழும். முதலில் சாறு விழும்போது டோபமின் நரம்பணுக்கள் படபடவென்று இயங்கின. பழகியதும் சாறுக்கு அவை அசையவே இல்லை, விளக்கு எரிந்ததுமே துடித்தன. விளக்கு எரிந்தும் சாறு வராமல் போனால், சாறு வந்திருக்க வேண்டிய அதே நொடியில் வழக்கத்தைவிட அடங்கிப்போயின. அதே சாறு, அதே ருசி. ஆனாலும் எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் டோபமின் குறித்துக்கொண்டது. மூளை பாடம் படிப்பது அதை வைத்துத்தான்.

இன்னொன்று கென்ட் பெர்ரிட்ஜ் என்ற ஆய்வாளரின் வேலை. டோபமின் ஏறக்குறைய முழுதாக அழிக்கப்பட்ட எலிகள் எதிரில் உணவு இருந்தும் சாப்பிடவில்லை. அதே எலியின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் விட்டால் மற்ற எலிகளைப் போலவே ருசித்து நக்கியது. இதை விளக்க ஆங்கிலப் புத்தகங்களில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். நமக்கு இரண்டு சொல் போதும்: பிடிக்கும், வேண்டும். அந்த எலிக்குச் சர்க்கரை பிடித்தது, ஆனால் வேண்டும் என்ற உந்துதல் இல்லை. போதை அடிமைத்தனத்தில் இது தலைகீழ். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு இதுதான் பதில், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்கும் விளையாட்டுக்கும் டோபமின் வருகிறது என்றால் போதைப்பொருளில் மட்டும் என்ன தப்பு?

அளவு ஒரு காரணம். எலிகளின் அக்கும்பென்ஸில் அளந்து பார்த்தபோது உணவு டோபமினை ஒன்றரை மடங்கு அளவுக்கு ஏற்றியது. கோகெய்ன் மூன்று நான்கு மடங்கு, ஆம்ஃபெட்டமின் பத்து மடங்கு வரை.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறு. குரங்குக்குச் சாறு பழகியதும் நரம்பணு அமைதியானது இல்லையா? எதிர்பார்த்தது கிடைத்தது, படிக்கப் புதிதாக ஒன்றும் இல்லை. போதைப்பொருள் அந்தக் கணக்கையே கேட்பதில்லை. வெளியே வந்த டோபமினைத் திரும்ப உள்ளே இழுக்க நரம்பணுவில் ஒரு பம்பு உண்டு. கோகெய்ன் அதன் வாயை அடைத்துக்கொள்கிறது. மெத்தாம்ஃபெட்டமின் அந்தப் பம்பையே தலைகீழாக ஓடவிடுகிறது. ஹெராயின் சுற்றுவழியில் வருகிறது: டோபமின் நரம்பணுக்களை அடக்கிவைத்திருக்கும் காவல்கார நரம்பணுக்களைத் தூங்க வைத்துவிடுகிறது. நிகோட்டின் நேராகவே தட்டி எழுப்பும். எந்த வழியில் வந்தாலும் ஆயிரமாவது தடவையும் "எதிர்பார்த்ததைவிட அதிகம் கிடைத்தது" என்ற பொய்த் தகவல்தான் போகிறது. மூளையும் ஆயிரமாவது தடவையாகப் பாடம் படிக்கிறது.

வேகமும் சேரும். புகையாக இழுத்தாலோ ஊசியாகப் போட்டாலோ சில நொடிகளில் மூளையைத் தொடும் பொருள், மாத்திரையாக மெல்ல ஏறும் அதே பொருளைவிடச் சீக்கிரம் ஆளைப் பிடிக்கும்.

ஆரம்பத்தில் இருந்த கிக் இப்போது துளியும் இல்லை. வெறுப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கை போகிறது. நான் பைத்தியமா? (பெயர் வேண்டாம்)

இல்லை. உங்களுக்குப் பிடிப்பது குறைந்துவிட்டது, வேண்டும் என்பது குறையவில்லை.

ஓயாமல் டோபமின் வெள்ளம் வந்தால் நரம்பணுக்கள் காதைப் பொத்திக்கொள்ளும். நோரா வோல்கோவ் என்ற ஆய்வாளரின் குழுவினர் எடுத்த மூளைப் படங்களில், நீண்ட நாள் பயன்படுத்தியவர்களுக்கு டி2 என்ற டோபமின் ஏற்பி (நரம்பணுவில் டோபமினைப் பிடித்துக்கொள்ளும் இடம்) குறைவாக இருப்பது திரும்பத் திரும்பத் தெரிந்தது. அதனால் போதை மட்டும் சப்பென்று ஆவதில்லை. பாட்டு, நண்பர்கள், வெயிலில் ஒரு நடை எல்லாமே சப்பென்று ஆகிவிடுகிறது. கூடவே மன அழுத்தச் சுற்று ஒன்று தலைதூக்குகிறது. பொருள் இல்லாத நேரங்களில் எரிச்சலும் பதற்றமும் வருவது அதனால்தான். இப்போது நீங்கள் எடுப்பது சந்தோஷத்துக்காக இருக்காது, சாதாரணமாக இருப்பதற்காக இருக்கும். "வேண்டும்" என்ற சுற்று மட்டும் முன்னைவிடக் கூர்மையாகி நிற்கிறது. எழுதிக் கேட்டிருக்கிறீர்களே, அதே வரிகளை ஒரு மருத்துவரிடமும் காட்டுங்கள்.

என் மகன் இரவு அழுது சத்தியம் பண்ணுகிறான். மறுநாள் மாலையே போய்விடுகிறான். நடிக்கிறானா, டாக்டர்? (ஒரு தாய்)

அம்மா, நடிப்பு என்று நான் நினைக்கவில்லை. இரவு சத்தியம் பண்ணும்போது அவன் மனசாரத்தான் பண்ணியிருப்பான். அந்த நேரத்தில் பேசுவது முன்மூளை: யோசிக்கும், நாளையை நினைக்கும், தன்னைத் தடுக்கும். மாலையில் அந்தத் தெருமுனை, அந்த நண்பனின் அழைப்பு என்று ஏதாவது ஒன்று கண்ணில் பட்டதும் பேச்சு வேறு இடத்திலிருந்து வருகிறது. நாள்பட்ட பழக்கத்தில் முன்மூளையின் பிடி தளர்ந்திருக்கும், காரியமும் மூளையின் பழக்கச் சுற்றுக்குக் கைமாறியிருக்கும். செருப்பு மாட்டுவதுபோல, யோசிக்காமலே நடந்துவிடும்.

ஒரு தடவை என் எதிரில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஹெராயினை விட்டு எட்டு மாதம். பேசிக்கொண்டே நான் மாத்திரைப் பட்டையின் பின்பக்க அலுமினியத் தாளைக் கிழித்தேன். அந்தச் சரசரப்பு கேட்டதும் பேச்சை நிறுத்திவிட்டார். உள்ளங்கை வியர்த்தது, எச்சில் விழுங்கினார். "வயிறு இழுத்துப் பிடிக்குது டாக்டர்" என்றார். அவர் அந்தத் தாளில் வைத்துச் சூடாக்கிப் புகைத்தவர். எட்டு மாதம் கழித்தும் விளக்கு எரிந்துவிட்டது.

அதற்காக மகன் செய்வதையெல்லாம் பொறுத்துப் போங்கள் என்று சொல்லவில்லை. பணத்தைப் பூட்டி வையுங்கள். சத்தியம் கேட்பதை விட்டுவிட்டு, மாலை ஐந்து மணிக்கு அவன் எங்கே இருப்பான் என்பதைப் பேசி முடிவு செய்யுங்கள்.

நாள் ஆக ஆக ஆசை தானாகக் குறைந்துவிடும் அல்லவா?

உடல் அவஸ்தை குறையும். பழைய இடம், ஆள், சத்தம் என்று ஏதாவது தூண்டிவிட்டு வரும் வேட்கை அப்படி நேர்கோட்டில் குறையாது. கோகெய்னுக்குப் பழகிய எலிகளில் நிறுத்திய முதல் நாளைவிட ஒன்றிரண்டு மாதம் கழித்துத்தான் அது அதிகமாக இருந்தது.

இதில் உயிர் சம்பந்தப்பட்ட ஒரு விஷயம் இருக்கிறது. விட்டு இருந்த காலத்தில் உடலின் தாங்கும் சக்தி இறங்கிவிடும், ஆளுக்குப் பழைய அளவுதான் ஞாபகம் இருக்கும். ஹெராயின் வகையில் பல மரணங்கள் இப்படித்தான், சிகிச்சை முடிந்தோ சிறையிலிருந்தோ வந்த முதல் வாரங்களில் நடக்கின்றன. இடமும் சேரும். 1982இல் ஷெப்பர்ட் சீகல் குழுவினர் ஹெராயினுக்குப் பழகிய எலிகளுக்குப் பெரிய அளவு கொடுத்தார்கள். வழக்கமான அறையில் கொடுத்தபோது 32 சதவீதம் இறந்தன, புது இடத்தில் 64 சதவீதம். பழகிய அறையைப் பார்த்ததுமே உடல் முன்கூட்டித் தயாராகிவிடுகிறது, புது இடத்தில் அது நடப்பதில்லை. வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், ஹெராயின் அளவு மீறும்போது அதை முறிக்கும் நாலொக்சோன் என்ற மருந்து கிடைக்குமா என்று மருத்துவரிடம் கேட்டு வையுங்கள்.

ஒரு தடவை தொட்டாலே அடிமைதான் என்று பள்ளியில் சொல்கிறார்கள். சரியா? (பதினாறு வயது)

தம்பி, அது மிகை. ஆனால் அதனால் தொட்டுப் பார்க்கலாம் என்று எடுத்துக்கொள்ளாதே. வியட்நாம் போரில் இருந்த அமெரிக்க வீரர்களில் சுமார் ஐந்தில் ஒருவர் அங்கே ஹெராயின் வகைக்கு அடிமையானதாக லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் கண்டறிந்தார். நாடு திரும்பிய முதல் ஆண்டில் அவர்களில் மறுபடி அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம் மட்டுமே. ஊரும் ஆட்களும் மாறினால் எவ்வளவு மாறுகிறது பார். மரபணுவின் பங்கு பாதி அளவு என்கிறார்கள், உன்னுடைய பாதி எப்படி என்று உனக்குத் தெரியாது. முன்மூளை முழுதாக முதிர இருபத்தைந்து வயதை ஒட்டி ஆகும். உன் வயதில் முடுக்கி தயார், பிரேக் இன்னும் மாட்டி முடியவில்லை.

அப்பாவுக்குப் பார்கின்சன். புது மாத்திரை தொடங்கிய பிறகு, வாழ்நாளில் சீட்டே தொடாதவர் இரவெல்லாம் போனில் பணம் வைத்து ஆடுகிறார். சம்பந்தம் இருக்குமா?

இருக்கலாம். டோபமின் ஏற்பியைத் தூண்டும் பிராமிபெக்சோல் போன்ற மாத்திரைகளில் சூதாட்டம், கட்டுப்படாத செலவு போன்றவை சிலருக்கு வருவது நன்றாகப் பதிவான பக்கவிளைவு. போதைப்பொருளே இல்லாமல் அதே சுற்று தூண்டப்படுகிறது. நரம்பியல் மருத்துவரிடம் இந்த வாரமே சொல்லுங்கள், அளவைக் குறைத்தாலோ மாற்றினாலோ பெரும்பாலும் அடங்கும். நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். அவரைத் திட்டவும் வேண்டாம்.

பாட்டிக்குப் புற்றுநோய் வலிக்கு மார்ஃபின். அடிமையாகிவிடுவாரோ?

உடல் பழகும். திடீரென்று நிறுத்தினால் அவஸ்தை வரும். அடிமைத்தனம் என்பது கெடுதல் என்று தெரிந்தும் தேடித் தேடிப் போவது, அது வேறு. பாட்டியை வலியில் வைக்காதீர்கள்.

ஹெராயின் பழக்கத்துக்குச் சிகிச்சையாக மெதடோன், புப்ரெனார்ஃபின் மருந்துகள் கொடுப்பது ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதைதானே?

மேலே சொன்ன வேகத்தை நினைத்துப் பாருங்கள். இவை மெதுவாக ஏறி நீண்ட நேரம் ஒரே மட்டத்தில் நிற்பவை. உச்சமும் இல்லை, பள்ளமும் இல்லை, அதனால் பொய்ப் பாடமும் இல்லை. புப்ரெனார்ஃபின் ஏற்பியை ஓரளவுக்குத்தான் தூண்டும், ஆனால் இறுக்கமாகப் பிடித்துக்கொள்வதால் மேலே ஹெராயின் எடுத்தாலும் அதற்கு இடம் இருக்காது. இவற்றில் இருப்பவர்கள் சாவது குறைகிறது. இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு மருந்தை நிறுத்த வைத்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் காட்டமாகச் சொல்கிறேன்.

போன், வீடியோ எதையும் தொடாமல் ஒரு நாள் "டோபமின் விரதம்" இருந்தால் மூளை ரீசெட் ஆகுமா?

ஆகாது. போனைத் தள்ளி வைத்ததற்கு நல்ல தூக்கம் வரும்.

மூளை பழையபடி ஆகுமா, ஆகாதா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

ஒரே வார்த்தை என்றால், பெருமளவு. 2001இல் வோல்கோவ் குழு, மெத்தாம்ஃபெட்டமினை விட்ட ஐந்து பேரின் மூளையைத் திரும்பப் படம் எடுத்தது. ஓராண்டுக்கு மேல் தொடாமல் இருந்த பிறகு, குறைந்திருந்த டோபமின் பம்புகள் கணிசமாக ஏறியிருந்தன. ஆனால் நினைவாற்றல், உடல் அசைவுச் சோதனைகளில் அந்த அளவு முன்னேற்றம் இல்லை. ஐந்தே பேர்தான், ஆனாலும் ஆறு வாரத்தில் "ஒன்றும் மாறவில்லை" என்று சோர்ந்துபோகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். கணக்கு வாரத்தில் இல்லை, மாதங்களில்.

பதினைந்து வருடக் குடி. இதைப் படித்ததும் முடிவு பண்ணிவிட்டேன், நாளை காலையிலிருந்து ஒரு சொட்டும் கிடையாது. வாழ்த்துங்கள்.

வாழ்த்துக்கு முன்னால் ஒன்று. காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறதா? ஒரு டம்ளர் தண்ணீரைச் சிந்தாமல் தூக்க முடிகிறதா? தினமும் நிறையக் குடித்த மூளை, மதுவின் அமுக்கத்தை ஈடுகட்டத் தன்னை முறுக்கி வைத்திருக்கிறது. அமுக்கத்தைச் சட்டென்று எடுத்தால் ஓரிரு நாளில் வலிப்பு வரலாம், அதற்கடுத்த நாட்களில் குழப்பமும் இல்லாததைப் பார்ப்பதும் வரலாம். உயிரே போகலாம். தூக்க மாத்திரைகளில் சிலவற்றுக்கும் இதே எச்சரிக்கைதான். அதனால் தனியாக வீட்டில் நிறுத்த வேண்டாம். நாளை காலை முதல் வேலையாக மருத்துவமனைக்குப் போங்கள். சில நாள் மருந்தோடு பாதுகாப்பாக இறக்கிவிடுவார்கள். கூட ஒருவரை அழைத்துப் போங்கள், கடைசியாக எப்போது குடித்தீர்கள், எவ்வளவு என்று மறைக்காமல் சொல்லுங்கள். போய்ச் சேர்ந்ததும் இங்கே ஒரு வரி எழுதுங்கள், அப்போது வாழ்த்துகிறேன்.